டெனரை விட்டுவிட்டுக் கிழவனைக் கேளுங்கள்

மிலான் நகரின் நவில்யோ கிராண்டே கால்வாய்க் கரையில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தை கூடும். அங்கே 78 சுற்று இசைத்தட்டு விற்பவர்களிடம் எழுதப்படாத ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல், பாடகரான கரூசோ என்றால் பேரமே கிடையாது. புகழ்பெற்ற சோப்ரானோக்களுக்கு, அதாவது உயர்ந்த பெண் குரல்களுக்கு, ஓரளவு பேசிப் பார்க்கலாம். கஞ்சக் கிழவன், கோமாளி வைத்தியன், ஏமாந்த மாமா ஆகிய வேடங்களைப் பாடிய பாஸ், பாரிடோன் என்ற தாழ்ந்த ஆண் குரல் பாடகர்களின் தட்டுகளோ மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கும். 'மொத்தமாக எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று விற்பவரே கேட்பார். வேலை நிமித்தமாக மிலானில் குடியேறிய நான் பழைய நகைச்சுவை ஓபராப் பதிவுகளுக்குள் நுழைந்தது அந்த அட்டைப்பெட்டி வழியாகத்தான். இன்று யோசித்தாலும் அதைவிடச் சரியான வாசல் இருப்பதாகத் தோன்றவில்லை.

இத்தாலிய நகைச்சுவை ஓபராவில் காதலர்கள் பாடுவார்கள், கதையைச் சுமப்பவன் கிழவன். 1733இல் நேப்பிள்ஸில் அரங்கேறிய பெர்கொலேசியின் 'லா செர்வா பத்ரோனா'விலிருந்து 1893இல் அரங்கேறிய வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' வரை இதுதான் நிலை. வீட்டுக்குள் பூட்டி வைத்த பெண்ணைத் தானே மணக்க நினைக்கும் டாக்டர் பார்த்தோலோ, எழுபது வயதில் மாப்பிள்ளைக் கோலம் போடும் டான் பாஸ்குவாலே, போலி மருந்து விற்கும் துல்காமாரா ஆகிய பாத்திரங்களைப் பாடுபவருக்கு 'பஃபோ' என்று பெயர். அவருக்கு அழகான குரல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் ஒரே மூச்சில் முப்பது சொற்களைக் கொட்டும்போது ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். பழைய தட்டுகளின் அருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அன்றைய பஃபோக்கள் பாட்டோடு பேச்சையும் தொழிலாகக் கற்றவர்கள்.

கரகரப்பு மிகுந்த 1905ஆம் ஆண்டுத் தட்டில் சொல் எப்படிக் கேட்கும் என்று சந்தேகப்படுவீர்கள். 1925க்கு முன் ஒலிப்பதிவில் மைக்ரோபோன் கிடையாது. பாடகர் ஒரு ஹார்னின் வாய்க்குள் பாடுவார். அந்த அதிர்வே மெழுகில் கோடு கீறும். சுமார் 200 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் ஒழுங்காகப் பதியும். 'ஸ்' என்ற ஒலியின் உயிர் அதற்கு மேலே இருப்பதால் அது ஏறக்குறைய தொலைந்தே போகும். ஆனால் இத்தாலிய மொழியின் இரட்டை மெய்கள் பிழைத்துவிடும். 'கலுன்னியா' என்னும்போது 'ன்'னில் நின்று போவதும், 'தொத்தோர்' என்னும்போது 'த்'தில் அடைத்துத் திறப்பதும் காலத்தால் ஆனவை. அவற்றுக்கு உயர் அதிர்வெண் தேவையில்லை. படுவையும் பட்டுவையும் பிரித்துக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது கூடுதல் வசதி. ஐரோப்பிய நண்பர்கள் சிலர் 'இரைச்சல்' என்று ஒதுக்கும் தட்டுகளில் எனக்குச் சொல் கேட்பதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

எனவே முதல் பயிற்சி: இணையத்தில் கிடைக்கும் லிப்ரெட்டோவை, அதாவது பாடல் நூலை, கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இத்தாலியன் தெரிய வேண்டியதில்லை. எழுத்து ஓடும் வேகத்தில் கண் ஓடினால் போதும். சோக ஓபராவை நூல் இல்லாமல் கேட்டு உருகலாம். நகைச்சுவை ஓபராவை அப்படிக் கேட்டால் ஏதோ ஆட்கள் அவசரமாகச் சண்டை போடுவதாகத்தான் தோன்றும்.

இந்தத் தட்டுகளின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1902 ஏப்ரலில் மிலான் ஹோட்டல் ஒன்றின் அறையில் கரூசோவின் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தவர் ஃபிரெட் கைஸ்பெர்க். அவற்றில் ஒன்று டோனிட்செட்டியின் 'லெலிசிர் தாமோரே' என்ற நகைச்சுவை ஓபராவில் வரும் 'ஊனா ஃபுர்திவா லாக்ரிமா'. அதே கைஸ்பெர்க் அதே ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறங்கி பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். தட்டு செய்யத் தேவைப்பட்ட அரக்கும் பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது. மிலானில் வாங்கிய தட்டில் நம் ஊர்ப் பூச்சியின் உழைப்பும் கலந்திருக்கிறது என்று நினைத்தால் விலை கொஞ்சம் நியாயமாகத் தெரியும்.

இனி இந்தப் பொழுதுபோக்கின் பெரிய தலைவலிக்கு வருகிறேன். அது சுற்று வேகம்.

78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைத்த பொதுப்பெயர். தொடக்க காலத் தட்டுகள் நிமிடத்துக்கு எழுபது சுற்றிலும் இருக்கும், எண்பதிலும் இருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு நாள் பதிவுகளே ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. வேகம் ஆறு விழுக்காடு மாறினால் சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் மாறும். 73.6 சுற்றில் ஓட வேண்டியதை 78இல் ஓட்டினால் பாட்டு அரைச் சுரம் மேலே போய்விடும். தாளம் விரையும், குரலின் இயல்பான நடுக்கமும் விரையும். நேப்பிள்ஸ்காரரான டெனர் ஃபெர்னாண்டோ தெ லூச்சியா 'ஆட்டுக் குரல்காரர்' என்று கேலிக்கு ஆளானதில் தட்டை வேகமாக ஓட்டியவர்களுக்கும் பங்குண்டு. அவர் பல பாடல்களைச் சுருதி இறக்கிப் பாடும் வழக்கமுள்ளவர். மறுவெளியீடு செய்தவர்கள் அச்சிட்ட இசைத்தாளின் சுருதிக்கு அவரை ஏற்றியபோது குரல் இளைத்துப்போயிற்று. சரியான வேகத்துக்கு இறக்கிக் கேட்டால் வேறு மனிதர் பாடுகிறார். ரோஸ்ஸினியின் 'செவிலியாவின் முடிதிருத்துநர்' ஓபராவில் அல்மாவிவா பிரபுவாக அவர் நுணுக்கமாக இழைக்கும் அலங்காரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாடுமுறையிலிருந்து நேராக வருபவை. அந்த ஓபராவை ஏறக்குறைய முழுமையாகவே முதல் உலகப்போர்க் காலத்தில் நேப்பிள்ஸின் ஃபோனோடைப் நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்திருக்கிறார்.

சரியான வேகத்தை நான் கண்டுபிடிக்கும் முறை எளியது. தட்டைக் கணினியில் பதிந்துகொள்வேன். கைப்பேசியில் சுருதிப் பெட்டிச் செயலியைத் திறந்து, பாட்டு முடியும் சுரத்தோடு ஒட்டிப் பார்ப்பேன். மேலே சொன்ன 'முடிதிருத்துநர்' ஓபராவில் நாயகன் ஃபிகரோ பாடும் 'லார்கோ அல் ஃபாக்டோட்டம்' சி மேஜர் சுருதியில் எழுதப்பட்டது. பாரிடோன்கள் பெரும்பாலும் அதிலேயே பாடுவார்கள் என்பதால் சி சுரம் பொருந்தும்வரை வேகத்தை மாற்றினால் வேலை முடிந்தது. எல்லாப் பாடலும் இவ்வளவு சாதுவாக வழிக்கு வராது. அதே ஓபராவில் பாசிலியோ பாடும் 'லா கலுன்னியா'வை ரோஸ்ஸினி டி மேஜரில் எழுதினார், பாடகர்களோ வழக்கமாக சி மேஜருக்கு இறக்கிவிடுவார்கள். நாயகி ரோசினா பாடும் 'ஊனா வோச்சே போகோ ஃபா' இன்னும் மோசம். அது மெஸ்ஸோ எனப்படும் தாழ்ந்த பெண் குரலுக்காக ஈ மேஜரில் எழுதப்பட்டது. சோப்ரானோக்கள் அதை அபகரித்தபோது அரைச் சுரம் ஏற்றி எஃப் மேஜராக்கினார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, நான் மேலே சொன்ன வேகப் பிழையின் அளவேதான்! அதாவது தவறான வேகத்தில் ஓட்டினால் மெஸ்ஸோ பாடகி சோப்ரானோ ஆகிவிடுவார், சோப்ரானோ மெஸ்ஸோ ஆகிவிடுவார், காதுக்குச் சுருதியும் பொருந்திப்போகும்.

அந்த இடத்தில் இசைத்தாள் உதவாது. அதே நாளில் பதிந்த வேறு தட்டைத் தேடிப் பிடித்து, அதில் ஐயமற்ற ஒரு பாட்டின் வேகத்தைக் கணித்து, அதை இதற்குப் பொருத்த வேண்டும். ஒரே அமர்வில் பதிந்தவை என்பதை லேபிளில் உள்ள விற்பனை எண் சொல்லாது. லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறப்பட்ட மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவின் வரிசை எண்தான் சொல்லும். அடுத்தடுத்த மேட்ரிக்ஸ் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த நேரங்கள். கிராமபோன் கம்பெனித் தட்டில் அந்த எண்ணுக்குப் பின் சிறு முக்கோணம் இருந்தால் அது 1925க்குப் பிறகு மைக்ரோபோன் வைத்துப் பதிந்தது. விக்டர் தட்டில் நீள்வட்டத்துக்குள் வி, ஈ என்ற எழுத்துகள் இருக்கும். எதுவும் கைகொடுக்காவிட்டால் உயிரெழுத்துகளைக் கேளுங்கள். வேகம் கூடும்போது 'ஆ' மெலிந்து தட்டையாகும், வேகம் குறையும்போது கொட்டாவியாகிவிடும். இது கேட்டுக் கேட்டுத்தான் பிடிபடும்.

வேகம் சரியான பிறகு எதைக் கேட்பது? நான் முதலில் நீட்டுவது விக்டர் மோரெலின் தட்டு. 1893 பிப்ரவரி 9 அன்று மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் ஃபால்ஸ்டாஃப் வேடத்தை முதன்முதலில் ஏற்றவர் அவர். 1907இல் ஃபோனோதிபியா நிறுவனத்துக்காக அதிலிருந்து 'குவான்த் ஏரோ பாஜ்ஜோ' என்ற குறும்பாட்டைப் பதிவு செய்தார். அரை நிமிடம் ஓடும் பாட்டு அது. பாடி முடித்ததும் அறையிலிருந்த சிலர் கைதட்டி மறுபடியும் கேட்கிறார்கள். மீண்டும் பாடுகிறார். மூன்றாம் முறை பிரெஞ்சு மொழியில் பாடுகிறார். குரல் அப்போது தேய்ந்துவிட்டது, மூச்சும் குறைவு. ஆனால் 'ஒரு காலத்தில் நான் எவ்வளவு ஒல்லியாக இருந்தேன் தெரியுமா' என்று ஒரு குண்டன் பீற்றிக்கொள்ளும் அந்த வரிகளைக் குரலை ஏற்றாமல், மென்று, சிமிட்டிச் சொல்லும் விதத்தில் வெர்டியின் ஒத்திகை அறையே தெரிகிறது. அதே அரங்கேற்றத்தில் ஃபோர்டு என்ற பாத்திரத்தில் பாடிய அந்தோனியோ பீனி கோர்சியும் தட்டுகள் விட்டுச் சென்றிருக்கிறார். அவர் பஃபோ வேடங்களில் பேர்பெற்றவர். இவற்றைப் பாடம் போலக் கேட்கலாம்.

முழு ஓபராத் தொகுப்புகளுக்கு வந்தால், 1929இல் கொலம்பியா நிறுவனம் லா ஸ்காலா கலைஞர்களை வைத்து லோரென்ட்சோ மொலயோலி தலைமையில் பதிந்த 'முடிதிருத்துநர்' எல்லோரும் பரிந்துரைப்பது. ஃபிகரோவாக ரிக்கார்தோ ஸ்த்ராச்சாரி. ஐம்பதைத் தாண்டிய வயதில் பித்தளை மணி போன்ற குரலுடன் பாடுகிறார். நான் திரும்பத் திரும்பப் போடுவது பார்த்தோலோவாக வரும் சல்வதோரே பக்கலோனியின் பகுதிகளை. அப்போது அவருக்கு வயது 29தான். கிழவனின் எரிச்சலைச் செயற்கையான இருமலோ மூக்கொலியோ இல்லாமல், சொல் வேகத்தாலேயே காட்டுகிறார். பின்னாளில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பெரும் நட்சத்திரமாகிப் பார்வையாளர்களைச் சிரிக்க வைக்கக் குரலாலேயே சேட்டைகள் செய்யத் தொடங்கினார். அவற்றை நேரடி ஒலிபரப்புப் பதிவுகளில் கேட்கலாம். எனக்கு இளைஞர் பக்கலோனியே போதும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பழைய தொகுப்புகளில் வெட்டுகள் அதிகம். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, நான்கரை நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் அடக்குவதற்காக, பேச்சு போன்ற ரெசிடேட்டிவ் பகுதிகளைக் கத்தரித்தார்கள். மேடை மரபும் கத்தரித்தது: முடிவில் அல்மாவிவா பாடும் நீண்ட, கடினமான 'செஸ்ஸா தி பியூ ரெசிஸ்தெரே'யைப் பல பத்தாண்டுகள் யாரும் பாடவே இல்லை. பார்த்தோலோவின் சிக்கலான தனிப்பாட்டுக்குப் பதிலாகப் பியெத்ரோ ரொமானி எழுதிய எளிய பாட்டைச் செருகுவதும் வழக்கம். 1969இல் அல்பெர்தோ ட்செத்தா திருத்திய பதிப்பை ரிகோர்தி பதிப்பகம் வெளியிட்ட பிறகுதான் ரோஸ்ஸினி எழுதியது எழுதியபடி மேடைகளுக்குத் திரும்பியது. ஆகவே லிப்ரெட்டோவில் விரல் வைத்துக் கேட்கும்போது பாட்டு திடீரென்று இரண்டு பக்கம் தாவினால் பதற வேண்டாம்.

வேகத்தின் காரணத்தையும் தட்டின் நீளத்தில் தேட வேண்டியிருக்கும். பழைய பதிவில் ஓர் இரட்டைப் பாட்டு கடைசியில் தலைதெறிக்க ஓடினால், அது நடத்துநரின் ரசனையா, மெழுகு தீரப்போகிறது என்று யாரோ கை காட்டியதா என்று யோசிப்பது நல்ல பழக்கம்.

ஒரே ஒரு தொகுப்பைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது 1932இல் மிலானில் கார்லோ சபாய்னோ நடத்திய 'டான் பாஸ்குவாலே'. டெனர் தித்தோ ஸ்கீபா ஸ்டுடியோவில் பாடிய ஒரே முழு ஓபராப் பதிவு அது. அதனால் அதற்குப் பேர் வந்ததும் அவரால்தான். அவர் பாடும் சாளரப் பாட்டு அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் கிழவன் பாஸ்குவாலேயாகப் பாடும் எர்னெஸ்தோ பதீனியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூன்றாம் அங்கத்தில் அவரும் டாக்டர் மலதெஸ்தாவாக வரும் அஃப்ரோ போலியும் பாடும் 'கேத்தி, கேத்தி' என்ற இரட்டைப் பாட்டில், இருவரும் சேர்ந்து சொற்களைக் கொட்டும் பகுதியை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பதீனியை மட்டும், அடுத்து போலியை மட்டும், பிறகு இருவரையும் சேர்த்து. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் மூச்சு வாங்குவதில்லை. அதனால்தான் இடைவெளியே இல்லாததுபோல் இருக்கிறது.

அந்த அங்கத்திலேயே அதற்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது. போலித் திருமணம் செய்துகொண்ட நொரீனா, தடுக்க வந்த கிழவனைக் கன்னத்தில் அறைகிறாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த இசை இருண்டுவிடுகிறது. 'முடிந்தது, டான் பாஸ்குவாலே' என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். இந்த இடத்தில் பல பாடகர்கள் அழுவார்கள். பதீனி அழுவதில்லை. குரலில் இருந்த திமிரை மட்டும் எடுத்துவிடுகிறார், வேறெதையும் சேர்ப்பதில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கரகரப்பைத் தாண்டி அது வருகிறது. நகைச்சுவை ஓபரா வெறும் கோமாளிக் கூத்து என்று நினைப்பவர்களோடு வாதம் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். இந்தப் பக்கத்தைப் போட்டுவிடுகிறேன்.

தட்டாகவே வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் கருப்பாக மின்னினால் நல்லது. சாம்பல் பூத்திருந்தால் இரும்பு ஊசி தின்றுவிட்டது என்று பொருள். டெனர் பாட்டு ஒரு பக்கமும் பஃபோ பாட்டு மறுபக்கமும் உள்ள தட்டுகளில் டெனர் பக்கம் சாம்பலாகவும் மறுபக்கம் கருப்பாகவும் இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நமக்கு இலாபம். விளிம்பைப் பிடித்து விரலால் மெல்லச் சுண்டுங்கள். ஒலி கணீரென்று வராமல் செத்து விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கழுவ ஆல்கஹால் கலந்த எதையும் தொடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம் போதும். காகித லேபிள் நனையக்கூடாது. நிறுத்தி அடுக்குங்கள், ஜன்னல் வெயில் படாத இடத்தில்.

எல்பி தட்டுக்கான முள்ளை இதில் வைக்கக்கூடாது. அதன் முனை 25 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. 78இன் பள்ளத்துக்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். சிறு முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையை உழுதுகொண்டு போகும். ஸ்டீரியோ காட்ரிஜ் வைத்துப் பள்ளத்தின் இரு சுவர்களையும் தனித்தனியாகப் பதிந்துகொள்வது என் வழக்கம். அவற்றில் ஒன்று பெரும்பாலும் மற்றதைவிடக் குறைவாகத் தேய்ந்திருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் உள்ள ஒலிச் சமன்படுத்தல் 1954இல் எல்பிக்காக வந்தது. அதன் வழியாக 78 தட்டைக் கேட்டால் குரலுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டுப் பதிந்து, பிறகு காதுக்கேற்பத் திருத்துவது நல்லது. பாத்தே நிறுவனத்தின் பழைய தட்டுகளில் பள்ளம் மேலும் கீழுமாக ஆடும், சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும். தொடக்கத்தில் அவற்றைத் தொட வேண்டாம்.

எந்த உபகரணமும் இல்லாமலும் கேட்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்' தளத்தில் விக்டர் தட்டுகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிடி மறுவெளியீடுகளில் வார்ட் மார்ஸ்டன், மார்க் ஓபர்ட் தோர்ன் ஆகியோர் சுத்தம் செய்தவை நம்பகமானவை. இவர்கள் கொஞ்சம் இரைச்சலை விட்டு வைப்பார்கள். அதுதான் சரி. ஒரு நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் கரகரப்பே இல்லாமல் பளிங்குபோல் துடைத்திருந்தார்கள். அதில் சொல்லின் கடைசி மெய்யெழுத்துகளும் கூடவே துடைக்கப்பட்டிருந்தன, பஃபோ ஏதோ தண்ணீருக்கடியில் கோபப்படுகிறார். இன்னொரு தொடரில் தட்டை ராட்சத ஹார்ன் வைத்த கிராமபோனில் ஓட்டி, பெரிய அறையில் மைக் வைத்துப் பிடித்திருந்தார்கள். மெதுவான சோகப் பாட்டுக்கு அது இனிமைதான். விரைவுப் பாட்டில் எதிரொலி ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல்லை ஏற்றிவிடுகிறது. வாங்கும் முன் 'லார்கோ அல் ஃபாக்டோட்டம்' கடைசி அரை நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். சொல் தெரிந்தால் வாங்கலாம்.

இரைச்சலே ஆகாது என்பவர்கள் 1950களின் தொடக்கத்தில் செத்ரா நிறுவனம் இத்தாலிய வானொலி இசைக்குழுக்களோடு பதிந்தவற்றில் தொடங்கட்டும். 1952இன் 'டான் பாஸ்குவாலே'யில் காதலன் எர்னெஸ்தோவாகப் பாடும் சேசரே வல்லெத்தி, ஸ்கீபாவின் மாணவர். இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் குரு எங்கே முடிகிறார், சீடர் எங்கே தொடங்குகிறார் என்பது புரியும். அதில் கிழவனாக வரும் செஸ்தோ புருஸ்காந்தீனிக்கு அப்போது முப்பதைச் சற்றே தாண்டிய வயது. அவரே, 1950இல் பதிவான சிமரோசாவின் 'ரகசியத் திருமணம்' ஓபராவில் காது மந்தமான வணிகர் ஜெரோனிமோவாக வருகிறார். முந்தைய ஆண்டு லா ஸ்காலாவில் அவர் அறிமுகமானதும் இதே வேடத்தில்தான். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் ஜெரோனிமோவும் பிரபுவும், அதாவது இரண்டு தாழ்ந்த குரல்கள், அக்காளுக்குப் பதில் தங்கையைக் கட்டிக்கொடுப்பது பற்றிப் பேரம் பேசிச் சண்டையிட்டுச் சமாதானமாகிறார்கள். டெனர் அந்தப் பக்கமே வருவதில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.